சஹனில் ஹாஜரா டீச்சரின் பக்கம்

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஹாஜரா டீச்சரின் மௌத்துச் செய்தி வந்தபோது நான் குசினியில் பாவக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் எத்தாளை ஊரில் அந்தப் பெயரில் பலர் இருக்கிறார்கள். வேறு யாரோ என்றுதான் நினைத்தேன். "முன்பள்ளி டீச்சர்" என்று மௌலவி சேர்த்துச் சொன்னதும் கத்தியைக் கீழே வைத்தேன். இன்னாலில்லாஹி ஓதி முடிப்பதற்குள் மனதில் வந்தது, இனி என் மகன் யாரிடம் மரக்கறி தின்பான் என்ற கேள்விதான். அந்த நேரத்திலும் எனக்கு அவர்மீது எரிச்சல் வந்தது.

அவரிடம் பிள்ளைகளை அனுப்பிய நீங்கள் எல்லோரும் அவரைத் தங்கமான மனுசி என்பீர்கள். ஓம், தங்கம்தான். ஆனால் அதே முன்பள்ளியில் பக்கத்து வகுப்பை நடத்திய எனக்கு அவர்மீது பொறாமை இருந்தது. இன்னும் இருக்கிறது.

நம் ஊரிலிருந்து லொறி லொறியாக மரக்கறி போகிறது. நம் பிள்ளைகளுக்கோ பொரித்த மீன் இல்லாவிட்டால் சோறு இறங்காது. என் மகன் ஷாகிர் அதில் முதலாம் ஆள். பூசணியை மீன் குழம்பில் ஒளித்து வைத்தாலும் விரலால் துழாவி வெளியே எறிவான். கெஞ்சினேன், கதை சொன்னேன், அகப்பையையும் காட்டினேன். பிள்ளை எலும்பும் தோலுமாகத் திரிவதைப் பார்த்து, பிள்ளைக்குச் சோறு கொடுப்பதில்லையா என்று என் மாமி ஆட்களுக்கு முன்னால் கேட்டதை நான் மறக்கவில்லை.

அந்த ஷாகிர் ஹாஜரா டீச்சரின் வகுப்பில் பாவக்காய் தின்றான். கண்ணால் கண்டேன். கலியாண வீட்டில் ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகத் தின்போமே, அந்தச் சஹன் தட்டை அவர் வகுப்புக்குக் கொண்டுவந்திருந்தார். பாய் விரித்து, ஐந்து பிள்ளைகளைச் சுற்றி இருத்தி, ஆறாவது ஆளாகத் தானும் இருந்தார். பெரிய ஆட்களின் சஹனில் இடம் கிடைத்த பெருமையில் பிள்ளைகளுக்கு முதுகு நிமிர்ந்திருந்தது. "ஒரு ஆள் முடிக்காட்டியும் மத்தவங்க எழும்பக் கூடாது" என்பார். அது சஹனின் மரியாதை. கடைசியாக முடிப்பவர் எப்போதும் அவர்தான். நிதானமாகத் தின்கிறார் என்று நினைத்தேன்.

என்ன மாயம் செய்கிறீர்கள் என்று ஒருநாள் வாய்விட்டே கேட்டேன். சிரித்துவிட்டு, "ஒண்டும் இல்ல, நான் சும்மா இருக்கேன்" என்றார். சொல்ல மனமில்லாமல் மழுப்புகிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கோபத்தோடு புத்தளத்துக்குப் போய் அவருடையதைவிடப் பெரிய சஹனாக ஒன்று வாங்கினேன். சோற்றின்மேல் நாலு வகை மரக்கறி அடுக்கி, ஷாகிரை முன்னால் இருத்தி, அகப்பையோடு அவன் தலைக்கு மேல் நின்றேன். சஹனில் யாராவது தனியாக இருந்து தின்பார்களா? பிள்ளை அந்தப் பெரிய தட்டைப் பார்த்து அழுதான். என் கணவர் கதிரையில் இருந்தபடி, "பேசாம இவன டீச்சர் வீட்டிலேயே விட்டுடுவமா?" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். குசினிக்குப் போய் அழுதேன். பெற்றவள் நான், மரக்கறி தின்ன அவனுக்கு இன்னொருத்தி வேண்டியிருந்தாள்.

மௌத்து வீட்டில் டீச்சரின் தங்கைக்குப் பக்கத்தில் இருந்தேன். டீச்சர் எவ்வளவு ஆசையாக மரக்கறி தின்பார் என்று ஆறுதலுக்காகச் சொல்லிவைத்தேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ராத்தாவா? அவக்குப் பாவக்காய் மணமே ஆகாதே. அதத் தின்னாம எங்கட உம்மாட்ட எத்தனை அடி வாங்கியிருப்பா."

வீட்டுக்கு வந்து ஷாகிரைக் கேட்டேன். இதுகூடத் தெரியாதா என்பதுபோல் பார்த்தான். "டீச்சருக்குத் தின்னத் தெரியாது, உம்மா. நாங்கதான் பழக்கினம். முதல்ல நாங்க தின்டு காட்டணும். பிறகு அவங்கட பக்கம் ஒரு துண்டு வைப்பம். கண்ணை மூடிட்டுத் தின்னுவாங்க."

பொறாமை குறையவில்லை, கூடியது. எனக்குப் பிடிக்காத மரக்கறி என்று ஒன்று இல்லை. முகம் சுளித்து நடிக்கவும் வராது. அவரோ பிடிக்காத ஒன்றை என் பிள்ளைக்காக நாள்தோறும் விழுங்கியிருக்கிறார். பத்து மாதம் சுமந்த எனக்கு அப்படி ஒரு வழி தோன்றவில்லையே.

மறுநாள் என் சஹனைக் கழுவி எடுத்து, சோற்றோடு பாவக்காய் வதக்கி வைத்து, பாயில் அவனோடு இருந்தேன். அகப்பையைக் குசினியிலேயே விட்டுவிட்டேன். ஷாகிர் ஒரு துண்டைத் தின்றான். அடுத்த துண்டை எடுத்து, யாரும் இல்லாத பக்கத்தில் வைத்தான். அது எனக்கா என்று கேட்டேன்.

"உங்களுக்குத்தான் தின்னத் தெரியுமே. அது டீச்சர்ட பக்கம்."

அவன் சோறு முடிந்தது. என் சோறும் முடிந்தது. அவன் எழும்பவில்லை. ஒரு ஆள் முடிக்காமல் எழும்பக் கூடாது என்று படித்த பிள்ளை. அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கையை நீட்டி அதை எடுத்துத் தின்றேன். அதற்குப் பிறகுதான் கை கழுவப் போனான்.

டீச்சர், உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது சஹனில் அந்த ஒரு பக்கம். தினமும் என் மகன் அங்கே ஒரு துண்டு வைக்கிறான். எனக்கென்று இன்னும் ஒன்றும் வைக்கவில்லை. உங்களுடையதைத்தான் நான் தின்று முடிக்கிறேன்.