வாரின் உட்புறம்

வால்டர் பின்னக்கைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியைப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பார்த்ததில்லை. பேக்கரி வண்டி ஓட்டினவன். நாய் குரைத்தால் ரொட்டியை வேலிக்கு மேலே வீசிவிட்டு ஓட்டம் பிடிப்பான். தென்னாப்பிரிக்காவில் இங்கிலீஷ்காரர்களுக்கும் டச்சு வம்சத்துப் போயர்களுக்கும் சண்டை வந்ததும், இங்கிலீஷ் பக்கத்து நேட்டால் வைத்தியப் படையில் சேர்ந்தான். கையில் சிவப்புச் சிலுவை கட்டியவனை யாரும் சுட மாட்டார்கள் என்று எவனோ சொல்லியிருந்தான். சொன்னவன் நாசமாய்ப் போக! துகேலா ஆற்றங்கரையில் பறந்த குண்டுக்குச் சிலுவையா தெரியும்?

அங்கே சிப்பாய்களுக்கெல்லாம் ஒரு பைத்தியம். மற்றப் படைகளின் சின்னங்களைக் கேட்டு வாங்கி இடுப்புவாரில் குத்திக்கொள்வார்கள். பின்னக்கும் குத்தினான், ஆனால் உட்புறமாக. காரணம், அதில் ஒன்று எதிரியின் பீரங்கிப் படைச் சின்னம். கைதியாக வந்து அவன் மடியில் உயிரை விட்ட போயர்க்காரன், தண்ணீர் கொடுத்ததற்காகத் தந்தது.

ஒரு மத்தியானம் காயம்பட்டவனை ஏற்றிக்கொண்டு வண்டியில் வந்தான். முட்புதருக்குப் பின்னாலிருந்து போயர் குதிரைக்காரர்கள் மறித்தார்கள். தலைவன் பெயர் தியூனிஸ்.

"எறங்குடா. வாரை அவுரு. துப்பாக்கி இருக்கான்னு பாக்கணும்."

பின்னக் வாரை அவிழ்த்து நீட்டினான். பிணத்தைக் கொள்ளையடித்தவன் என்றுதானே நினைப்பார்கள்? சுட்டுப்போட்டால் கேட்க நாதி ஏது?

தியூனிஸ் வாரைத் திருப்பினான். ஒரு சின்னத்தில் விரல் நின்றது.

"இந்த ஊசி முறிஞ்சப்போ செம்புக் கம்பி சுத்தினது நான்தான். எந் தம்பி கோபஸோடது. பொணத்துல புடுங்கினியா?"

"ஐயோ, இல்லய்யா! சத்தியமா அவரே குடுத்தாரு!"

"எல்லாப் பயலும் அதத்தான் சொல்லுவான்." துப்பாக்கி நெஞ்சுக்கு நேரே வந்தது.

ரொட்டி போடப்போன பண்ணைகளில் கற்ற போயர் பாஷை பின்னக்குக்குக் குழறியது. "பிளெஸ், பிளெஸ்னாரு ஐயா! பிளெஸ்ஸுக்குத் தண்ணி காட்டியாச்சான்னு சாவுற வரைக்கும் அதயேதான் கேட்டாரு. யாருன்னே எனக்குத் தெரியாது. காட்டியாச்சுன்னு பொய் சொல்லிட்டேன்!"

துப்பாக்கி தாழ்ந்தது. தியூனிஸ், நெற்றியில் வெள்ளைக் கோடு ஓடிய தன் குதிரையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"இதான் பிளெஸ். தம்பியோட குதிரை."

சின்னத்தைத் திருப்பித் தந்தான். "உனக்குக் குடுத்தது, நீயே வச்சுக்க." பின்னக்கின் கழுத்துப்பட்டையிலிருந்த வைத்தியப் படைச் சின்னத்தை மட்டும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "யாரு மடியில போனான்னு அம்மா கேப்பா. கெளம்பு."

புத்தியுள்ளவன் தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஓடியிருப்பான். பின்னக் பத்தடி போய் வண்டியை நிறுத்தினான்.

"ஐயா! அதப் பையில வைக்காதீங்க! எங்காளுங்ககிட்ட மாட்டினா, பொணத்துல புடுங்கினதுன்னு உங்களச் சுட்டுப்போடுவானுங்க!"

தியூனிஸ் சட்டைப்பையைத் தட்டிக் காட்டிவிட்டுப் போய்விட்டான்.

சண்டை முடியும்வரை, போயர்க்காரன் யார் கைதியாக வந்தாலும் பின்னக் முதலில் சட்டைப்பையைத்தான் தடவிப் பார்ப்பான். தன் சின்னம் அங்கே இல்லை என்று தெரிந்த பிறகுதான் காயத்தைப் பார்ப்பான்.