பின்வாசல் இல்லாத மிஸ் ஐடபெல்

மிஸ் ஐடபெல் ஸ்ட்ரவுடின் வீட்டுக்கு ஒரே ஒரு வாசல்தான், அதுவும் முன்பக்கம். கறுப்பர்கள் வெள்ளையர் வீட்டுக்குப் போனால் பின்வாசலுக்குத்தான் போக வேண்டும் என்பது எங்கள் அலபாமாவில் நடக்கப் பழகிய குழந்தைக்கும் தெரியும். இல்லாத வாசலுக்கு எப்படிப் போவது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. நான் வீட்டைச் சுற்றிப் பின்னால் போய்ப் பலகைச் சுவரைத் தட்டுவேன்.

"யாரது?"

"நோபி, மிஸ் ஐடபெல்."

"சரி, முன்னால வா."

முன்னால் போவேன். ஒருநாள் நேராக முன்வாசலிலேயே போய் நின்று பார்த்தேன். அவள் முகம் சிவந்துவிட்டது. "பின்னால போய்த் தட்டு," என்றாள். போய்த் தட்டினேன். "முன்னால வா," என்றாள். இதில் யார் யாரைக் கேலி செய்தோம் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

முப்பத்தைந்து வயது இருக்கலாம், பார்த்தால் ஐம்பது சொல்லலாம். ஜார்ஜியா மலைப்பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். கீழுதட்டுக்குள் எப்போதும் மூக்குப்பொடி அதக்கியிருப்பாள். மர அறுவை ஆலைக்கு வேலைக்குப் போகிறேன் என்று போன கணவன் திரும்பவில்லை. ஆலை எந்த ஊரில் என்று கேட்டால், "ஆத்துக்கு அந்தப் பக்கம்," என்பாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் உலகத்தில் பாதி இருக்கிறது. ஏரைத் தானே பிடித்து உழுவாள், கோவேறு கழுதையைப் பாதிரியார் காதில் விழக்கூடாத வார்த்தைகளால் திட்டுவாள்.

எங்களுக்கும் அவளுக்கும் ஒரே முதலாளி. அவருடைய நிலத்தைத்தான் இரண்டு வீடும் விளைச்சலில் பங்கு பேசி, வாரத்துக்கு உழுதோம். ஒரே கடை மாவுச் சாக்கில்தான் உடுப்பும் தைத்தோம். நீலப்பூ போட்ட சாக்கு வந்த மாதம் நானும் அவளும் ஒரே துணியில் எதிரெதிரே நின்றோம். அவள் என் தலைக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டு பேசினாள்.

போன இலையுதிர் காலத்தில் என் தம்பி காய்ச்சலில் கிடந்தான். மிஸ் ஐடபெல் ஒரு கிண்ணம் கோழிச்சாறு கொண்டுவந்து முற்றத்தில் நின்றபடியே அம்மாவிடம் நீட்டினாள்.

"லுட்டிஷா, இந்தா. பையனுக்குக் குடு. ஆறிடப் போவுது."

"உள்ள வாங்களேன், மிஸ் ஐடபெல்."

"எனக்கு வேலை கெடக்கு," என்றாள். ஆனால் தம்பி குடித்து முடித்தான் என்ற செய்தி வரும்வரை முற்றத்திலேயே நின்றாள்.

எங்கள் பக்கத்தில் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்புவது முகத்தில் துப்புவது மாதிரி. அம்மா அதில் சர்க்கரைவள்ளிக் கிழங்கை நிரப்பி அனுப்பினாள். மிஸ் ஐடபெல் கிழங்கை எடுத்துக்கொண்டு டர்னிப் கீரையை நிரப்பித் திருப்பினாள். அம்மா மக்காச்சோள ரொட்டி வைத்தாள். அவள் பேரிக்காய்ப் பாகு வைத்தாள், பிறகொரு நாள் அவித்த தட்டைப்பயறு வைத்தாள். பனிக்காலம் முழுக்க அந்தக் கிண்ணத்தைச் சுமந்து என் கால்தான் தேய்ந்தது. இரண்டு வீட்டுப் பரணும் காலியானதுதான் மிச்சம்.

"அம்மா, இந்தக் கிண்ணம் ரெண்டு வீட்டையும் தின்னுட்டுத்தான் ஓயும்."

"வாயை மூடிட்டுக் கொண்டு போ."

"வெறுங்கிண்ணமா குடுத்தா என்ன ஆகும்?"

"நாம மனுஷங்களே இல்லன்னு ஆகும்."

"நெறைச்சுக் குடுத்தா மட்டும் ஒத்துக்குவாங்களா?"

அம்மா கரண்டியை ஓங்கினாள். அடிக்கவில்லை.

மார்ச்சில் வீட்டில் மிஞ்சியது விதைத் தட்டைப்பயறு மட்டும். அதை விதைத்தால்தான் கோடையில் எங்களுக்குச் சாப்பாடு. அம்மா அந்த மூட்டையை அவிழ்த்துக் கிண்ணத்தில் கொட்டினாள். கீழே சிந்திய இரண்டு மணியையும் பொறுக்கிப் போட்டாள். மேலே துணியை மூடி, "குடுத்துட்டு வா," என்றாள்.

பரணில் காப்பித்தூள் டப்பாவில் அம்மாவின் வெள்ளைக் களிமண் இருந்தது. தேவாலயத்துக்குப் பின்னாலுள்ள மேட்டில் தோண்டி, உப்பும் வினிகரும் தெளித்து, அடுப்பில் சுட்டு வைத்திருப்பாள். எங்கள் பெண்கள் எல்லோரும் கடித்துத் தின்பார்கள். கேட்டால் யாருமே தொட்டதில்லை என்பார்கள். அம்மா புறக்கடைக்குப் போன நேரத்தில் பயறை என் தலையணைக்குள் கொட்டிவிட்டுக் கிண்ணத்தில் மண்கட்டியை நிரப்பினேன். வெள்ளைக்காரிக்கு மண் போனால் கிண்ணம் திரும்பி வராது, பயறு பிழைக்கும் என்பது என் கணக்கு.

மிஸ் ஐடபெல் துணியைத் தூக்கிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கிண்ணத்தோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அப்போதுதான் செய்ததன் ஆபத்து எனக்குப் புரிந்தது. இதைவிடச் சின்னக் காரியங்களுக்கே எங்கள் பக்கத்தில் வெள்ளையர்கள் கறுப்பர் வீடுகளை எரித்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"வெள்ளைக்காரம்மாவுக்கு மண்ணு குடுத்தியா? அடிப்பாவி! எம் பிள்ளையே என் வீட்டுக்கு நெருப்பு வெச்சுட்டாளே!"

சொல்லி முடிப்பதற்குள் மிஸ் ஐடபெல் வயலுக்குக் குறுக்கே கிண்ணத்தோடு வேகமாக வருவது தெரிந்தது. அம்மா முற்றத்துக்கு ஓடினாள்.

"மிஸ் ஐடபெல், இவ புத்திகெட்ட கழுதை. அடிச்சுத் தோலை உரிச்சிடறேன். மனசுல வெச்சுக்காதீங்க..."

"லுட்டிஷா." அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். உதட்டோரத்தில் வெள்ளைத்தூள் ஒட்டியிருந்தது. "இது எங்க கெடைக்குது?"

அம்மா அந்த வெள்ளைத்தூளையே பார்த்தாள்.

"எங்க ஊர்ல சின்ன வயசுல தின்னது. அம்மாகிட்ட அடி வாங்கி வாங்கித் தின்னேன். இங்க வந்து ஆத்தோரமெல்லாம் தோண்டிப் பாத்துட்டேன், எல்லாம் மணலு, பல்லுல நறநறங்குது. வெக்கத்தை விட்டு யார்கிட்டக் கேக்கறது?"

"வினிகர் தூக்கலா இருந்துச்சா?" என்றாள் அம்மா. கேட்ட பிறகுதான் தான் கேட்டதே அவளுக்கு உறைத்தது.

"கொஞ்சம். ஆனா நல்லாருந்துச்சு."

அன்றே மூன்று பேரும் மண்வெட்டியோடு மேட்டுக்குப் போனோம். பேச்சு உப்பின் அளவில் தொடங்கிப் பிரசவ வலிக்குப் போய்விட்டது. வழியில் முதலாளியின் வண்டி வரும் சத்தம் கேட்டதும் மிஸ் ஐடபெல் விருட்டென்று எங்களைவிட்டு முன்னால் நடந்தாள். எங்களை அறியாதவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள். வண்டி போனதும் வேகத்தைக் குறைத்து மறுபடி அம்மாவோடு சேர்ந்துகொண்டு, விட்ட இடத்திலிருந்து பேசினாள். அம்மாவும் விட்ட இடத்திலிருந்தே கேட்டாள். எனக்குத்தான் நடை தடுமாறியது.

மேட்டில் உட்கார்ந்து ஈர மண்ணை உடைத்துக்கொண்டே அம்மா, "பயறு எப்ப விதைக்கப் போறீங்க?" என்று கேட்டாள்.

"எங்க வெதைக்கறது? வெதைப்பயறெல்லாம் வெந்து உங்க வீட்டுக்கு வந்தாச்சு," என்றாள் மிஸ் ஐடபெல். சிரிக்கத்தான் பார்த்தாள்.

அம்மாவின் கை அப்படியே நின்றது.

பெரிய வெள்ளிக்கிழமை, எல்லோரும் விதைக்கும் நாள். விடிந்ததும் அம்மா என் தலையணையைப் பிரித்தாள். பயறை இரண்டாகப் பங்கிட்டு ஒரு பாதியை மடியில் கட்டிக்கொண்டு மிஸ் ஐடபெல்லின் வயலுக்கு நடந்தாள். நான் உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றிய பயறு!

"இப்ப கிண்ணம்கூட வரலையேம்மா. எதுக்குக் குடுக்கற?"

"கிண்ணத்துக்குக் குடுக்கறது வேற. இது வேற."

"என்ன வேற?"

"இப்ப வரியா, இல்ல உதை வேணுமா?"

அங்கே மிஸ் ஐடபெல் கழுதையைத் திட்டிக்கொண்டே சால் போட்டுக்கொண்டிருந்தாள். அம்மா மடியை அவிழ்த்துக் காட்டினாள். அவள் பயறைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பிறகு பாவாடையின் முன்பக்கத்தை விரித்துப் பிடித்தாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு சாலில் குனிந்து விதைக்க ஆரம்பித்தார்கள். நான் பின்னால் வெறுங்காலால் மண்ணைத் தள்ளி மூடிக்கொண்டே போனேன்.