பன்னிரண்டு நான்கிலக்க எண்கள்

என் கைப்பேசி பெட்டாலிங் ஜெயாவில் ஒரு மதிய மழையில் செத்துப்போனது. தொழிற்சாலை வாசலிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு ஓடும்போது சட்டைப் பையிலிருந்து நழுவிச் சாக்கடையில் விழுந்தது. கையை விட்டுத் துழாவி எடுத்தேன். பழுது பார்ப்பவர் அதைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "போச்சு அண்ணே, புதுசு வாங்கிருங்க லா" என்றார். அவருக்கென்ன, சுலபமாகச் சொல்லிவிட்டார். என் கிரிப்டோ நாணயப் பணப்பை அதற்குள்தான் இருந்தது.

கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் ஆரம்பித்து, மனைவிக்குத் தெரியாமல், ஓவர்டைம் காசில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்தது அது. வங்கியில் போட்டிருந்தால் அடையாள அட்டையைக் காட்டி, அழுதாவது வாங்கலாம். இதில் யாரிடம் போய் அழுவது? ஒரு ரகசியச் சாவிதான் எல்லாம். நீளமான அந்தச் சாவியை, மனிதர்கள் எழுதிவைக்க வசதியாக, பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களாக மாற்றித் தருவார்கள். வரிசை மாறாமல் அவற்றைப் புதுக் கைப்பேசியில் போட்டால் பணப்பை திறக்கும். திருடன் போட்டாலும் திறக்கும்.

நான் யாரையும் லேசில் நம்பாதவன். சொற்களை அப்படியே எழுதிவைக்க மனம் வரவில்லை. இரண்டாயிரத்துச் சொச்சம் சொற்கள் கொண்ட ஒரு பொதுப் பட்டியலிலிருந்துதான் அவை வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை எண் உண்டு. அந்த எண்ணோடு எங்கள் பழைய மோட்டார் சைக்கிளின் பதிவு எண்ணைக் கூட்டினேன். பன்னிரண்டு நான்கிலக்க எண்கள் கிடைத்தன. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மேசை இழுப்பறையில் போட்டேன். இந்த ஊரில் நாலு நம்பர் எழுதிய காகிதம் இல்லாத வீடு எது? யார் பார்த்தாலும் லாட்டரிக் குலுக்கலுக்குக் கடையில் காசு கட்டி எடுக்கும் நம்பர் என்றுதான் நினைப்பார்கள். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

கழிவறையில் உட்கார்ந்து விலை ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருப்பேன். கதவைத் தட்டினால் கைப்பேசியை அணைத்துவிடுவேன். வேறொரு பெண் இருக்கிறாள் என்று மனைவி நினைத்தாள். நேராகக் கேட்கவும் செய்தாள். காசைப் பற்றிச் சொல்வதைவிட, அவள் அப்படியே நினைத்துக்கொள்வது எனக்கு அப்போது வசதியாக இருந்தது. சொல்லியிருந்தால் என்ன குடியா முழுகியிருக்கும்? ஒருநாள் பேச்சு முற்றி, கிள்ளானில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பைகளோடு கிளம்பினேன். பிள்ளைகள் இல்லை, அதனால் தடுக்கவும் ஆள் இல்லை. பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறை எடுத்தேன்.

மூன்று வருடமாக அந்த அறைதான். கீழே சாப்பாட்டுக் கடை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் என் வாயிலிருந்து வருவது 'ஒரு தோசை, ஒரு தே' மட்டும்தான். தனிமை என்றால் நிம்மதி என்று சொல்கிறவர்கள் ஒரு மாதம் வந்து இருந்து பார்க்கட்டும். அந்தப் பணம் ஒன்றுதான் நான் தனியாக வந்ததற்கு நியாயம். அதுவும் போனால் நான் வெறும் முட்டாள்.

பைகளையும் பெட்டியையும் கொட்டித் தேடினேன். காகிதம் இல்லை. கிள்ளான் வீட்டு மேசையில்தான் கிடக்க வேண்டும். சனிக்கிழமை காலை கொமுட்டர் ரயிலைப் பிடித்தேன். அவள் கதவைத் திறந்தாள், உட்காரச் சொன்னாள், தேத்தண்ணீர் கலந்து கொடுத்தாள். திரைச்சீலைகள் புதிது. மேசை இருந்த இடம் காலியாக இருந்தது. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாளாம். இழுப்பறையில் இருந்த குப்பையெல்லாம் எப்போதோ போய்விட்டதாம். மேசை இருந்த இடத்தையே பார்த்தேன். முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்திருப்பாள்.

"அந்த நாலு நம்பர் காகிதமா? நம்பர்தானே வேணும், எழுதிக்கிங்க."

சுவரைப் பார்த்தபடி பன்னிரண்டு எண்களையும் வரிசையாகச் சொன்னாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"புதன்கிழமை குலுக்கலுக்கு மேல உள்ள ஆறு, சனிக்கிழமை மிச்ச ஆறு. நீங்க போனதிலேர்ந்து எடுத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

எழுதிவைத்த நம்பர் நல்ல நம்பராகத்தான் இருக்கும் என்று முதலில் நினைத்தாளாம். ஒன்றும் அடிக்கவில்லை. அப்புறமும் ஏன் விடவில்லை என்றேன். "உங்களுதுன்னு வீட்டில அது ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. பணப்பை, சாவி, கழிவறை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் ஆறிப்போன தேத்தண்ணீரை எடுத்துப்போய்க் கொட்டிவிட்டு வந்தாள்.

"வேற பொம்பளை இருந்திருந்தாகூட எனக்குப் புரிஞ்சிருக்கும்" என்றாள்.

அந்த நேரத்தில் ஒரு மன்னிப்பாவது கேட்டிருக்கலாம். என் வாயில் வந்தது வேறு.

"இனிமே அந்த நம்பரைக் கடையில கொடுக்காத. யாராச்சும் கண்டுபிடிச்சுட்டா கஷ்டம்."

யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? எங்கள் மோட்டார் சைக்கிள் எண்ணை இந்த உலகத்தில் அவளைத் தவிர யார் நினைவு வைத்திருக்கிறார்கள்? இது எனக்கு ரயிலில் ஏறிய பிறகுதான் உறைத்தது. அப்போது அவள் சரி என்று மட்டும் சொன்னாள்.

அறைக்கு வந்து ஒவ்வோர் எண்ணிலும் பதிவு எண்ணைக் கழித்து, பட்டியலில் சொல்லைத் தேடிப் புதுக் கைப்பேசியில் போட்டேன். ஒன்று தப்பினாலும் பணப்பை திறக்காது. திறந்தது. எல்லாம் இருந்தது. சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். யாரிடம் சொல்வது என்று யோசித்ததும் அழுகை வந்தது.

மறுநாள் புதிதாக ஒரு பணப்பை தொடங்கி, இருந்ததை எல்லாம் அதற்கு மாற்றினேன். புதுப் பணப்பைக்கு வேறு பன்னிரண்டு சொற்கள். பழைய எண்கள் இனி காலிப் பெட்டியின் சாவி. அவள் பயமில்லாமல் கடையில் கொடுக்கலாம், ஊரெல்லாம் பார்க்கலாம். இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று நாலு நாள் ஒத்திகை பார்த்து, வியாழக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டேன்.

"அந்த நம்பரை இப்ப எடுக்கலாம். ஒண்ணும் ஆகாது" என்றேன்.

அவள் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தாள்.

"நேத்து எடுக்கலை. கடைப்பக்கமே போகலை" என்றாள். "எடுக்காம விட்டா ஒரு மாதிரியா இருக்கும்னு நெனச்சேன். அப்படி ஒண்ணும் தோணலை."

அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.