அவர் மடியில் குரைத்த குட்டி

மோத்தி எங்கள் வீட்டில் முதன்முதலாகக் குரைத்தது என் வீட்டுக்காரரின் மடியில் உட்கார்ந்துகொண்டுதான். குட்டி வந்து இரண்டு மூன்று நாள்தான் இருக்கும். அதுவரை முனகிக்கொண்டே கிடந்தது. அன்று காலை அவர் ஜன்னலோரம் நாற்காலி போட்டு, முந்தின நாள் தமிழ்ப் பேப்பரை விரித்து வைத்திருந்தார். ஜன்னல் கம்பியில் ஒரு புறா வந்து உட்கார்ந்தது. குட்டி அதைப் பார்த்துக் கழுத்தை நீட்டியது. பிறகு அந்தச் சின்ன உடம்புக்குள் இவ்வளவு சத்தம் எங்கே இருந்தது என்று நினைக்கும்படி குரைத்தது. என் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்துவிட்டது. அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. குட்டி இன்னும் இரண்டு முறை குரைத்தது. அப்போதுதான் பேப்பரை மடித்துவிட்டு அதன் வயிற்றில் கையை வைத்துப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டு, "பாவம், விக்கல் எடுக்குது பாரு. இத்துனூண்டு தண்ணி குடு" என்றார்.

நான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். வேறு என்ன செய்ய? அவருக்குக் காது மந்தம் என்று எனக்குத் தெரியும். ஆனால் மடியில் குரைக்கும் நாயின் சத்தமே எட்டாத அளவுக்குப் போய்விட்டது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவருக்கு இந்த மராட்டி ஊரில் ஒரு ஃபேக்டரியில் சம்மட்டி ஷாப்பில் வேலை. பழுக்கக் காய்ந்த இரும்பின்மேல் பெரிய இயந்திரச் சம்மட்டி விழுந்துகொண்டே இருக்கும் இடம். அங்கே யாரும் வாயால் பேசுவதில்லை, எல்லாம் கைஜாடைதான். தேநீர் வேண்டுமா, கிரேனைத் தூக்கு, மேஸ்திரி வருகிறார், எல்லாவற்றுக்கும் ஒரு ஜாடை உண்டு. அதனால் உள்ளே யாருக்குக் காது கேட்கிறது, யாருக்குக் கேட்கவில்லை என்று ஒருவருக்கும் தெரியாது. ரிடையர் ஆகி வீட்டுக்கு வந்த பிறகுதான் சங்கடம். நான் அவர் எதிரில் நின்று உதட்டை நன்றாக அசைத்துத் தமிழில் பேசினால் புரிந்துகொள்வார். மராட்டிக்காரர்கள் பேசினால் அந்த உதடு அவருக்குப் பிடிபடாது. அப்போது அழகாகச் சிரித்து, "ஹோ, ஹோ" என்று தலையாட்டிவிடுவார். ஆமாம் ஆமாம் என்று அர்த்தம். பஹிரா என்று தெருவில் ஒரு செவிட்டு ஆளைக் கூப்பிடுவார்கள். அந்த வார்த்தை தன்மேல் விழக்கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். நானும் அப்படித்தான். யாராவது அவரிடம் பேச வந்தால் நான் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவேன். அந்த வீட்டில் பொம்பளைதான் பேசுவாள் என்று கட்டடத்தில் எனக்குப் பேர். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

சும்மா உட்கார்ந்து உட்கார்ந்து அவர் முகம் வாடிப்போயிருந்த காலத்தில்தான் தாபோடி ஸ்டேஷன் பக்கத்து டீக்கடைக்குப் பின்னால் இருந்து இந்தக் குட்டியைக் காய்கறிப் பையில் போட்டுத் தூக்கிவந்தார். வெள்ளை உடம்பு, ஒரு காது மட்டும் பழுப்பு. கட்டடத்துப் பிள்ளைகள்தான் மோத்தி என்று பேர் வைத்தார்கள். வந்த வாரத்திலேயே என் ரப்பர் செருப்பின் வாரைக் கடித்துத் துப்பியது. கோலம் போட உட்கார்ந்தால் முந்தானையைப் பிடித்து இழுக்கும். பாயைச் சுருட்டி வைக்க நேரமானால் அதன்மேல் ஒரு குளம் கட்டிவிடும். அதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். துடைத்தால் போயிற்று. குரைப்பை என்ன செய்வது? குக்கர் விசில் அடித்தால் குரைப்பு, பால்காரன் படியேறினால் குரைப்பு, எதிர்வீட்டில் தாளித்தால்கூடக் குரைப்பு.

எங்கள் கட்டடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்குகிறவர்கள் வீட்டு வாசல் தாழ்ப்பாளில் ஒரு துண்டு தொங்கும். அந்தத் துண்டைப் பார்த்துவிட்டால் படியில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்போம். மசாலா இடிப்பது நின்றுவிடும். காய்கறி வண்டிக்காரன்கூட எங்கள் கேட்டுக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு தள்ளிப்போய்த்தான் கூவுவான். இந்த வழக்கத்தை மீறுகிறவர்களை அதட்டி வைக்கிற வேலையை யாரும் கொடுக்காமலே நான் எடுத்துக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்ட என் வீட்டிலிருந்து பகலெல்லாம் குரைப்பு. அதுவும் நேர் கீழ்வீட்டில் துண்டு தொங்கும்போது. எதிர்வீட்டுக்காரி விடுவாளா? "அம்மா, துண்டு தொங்குதே, உங்க சின்னப் பையனுக்கு யாரும் சொல்லலியா?" என்று கேட்டுச் சிரித்தாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

கீழ்வீட்டில் இருந்தவளை எல்லாரும் வஹினி என்போம். மராட்டியில் அண்ணி. ஆஸ்பத்திரியில் நர்ஸ். புருஷன் இல்லை, அவள் ஒருத்தியின் உழைப்பில்தான் குடும்பம். மாதத்தில் பாதி நாள் நைட் டியூட்டி. அவள் தூக்கம் கெடக்கூடாதே என்று குட்டி வாயைத் திறக்கும்போதெல்லாம் நான் ஓடிப்போய் ஒரு துண்டு பிஸ்கட்டை அதன் வாயில் திணித்தேன். மெல்லுகிற நேரம் சத்தம் இருக்காது. முழுங்கியதும் என்னைப் பார்த்து மறுபடி குரைக்கும். மறுபடி ஓடுவேன். பிஸ்கட் டப்பா எப்போதும் என் இடுப்பிலேயே இருந்தது. குரைப்பு நாளுக்கு நாள் ஏறியது. நாயே அப்படி, ஜாதி சரியில்லை என்று நாய்மேல் பழி போட்டேன்.

ஒருநாள் நான் ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம் வஹினி மேலே வந்திருக்கிறாள். அவர் மட்டும் இருந்திருக்கிறார். அவள் என்ன பேசினாளோ, இவர் வழக்கம்போலச் சிரித்து, ஹோ ஹோ என்றிருக்கிறார். என்னிடம், "கீழ்வூட்டு வஹினி வந்துச்சு. நல்லா இருக்கீங்களான்னு கேட்டுட்டுப் போச்சு" என்றார். நானும் நம்பினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வஹினி படியேறி வந்தாள். பின்னால் அவள் தம்பி, கையில் மூடி போட்ட மூங்கில் கூடை. ஆளந்தி பக்கம் அவனுக்கு வயல் இருந்தது. "அம்மா, குட்டியைக் குடுங்க. வெயில் ஏறுறதுக்குள்ள இவன் கிளம்பணும்" என்றாள் மராட்டியில். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்தக் குட்டி? எதுக்கு?" என்றேன்.

"அண்ணாகிட்ட அன்னிக்கே சொல்லிட்டேனே. வயல்ல விட்டா ஓடியாடி இருக்கும், இங்க எனக்குத் தூக்கம் இல்ல, ஞாயித்துக்கிழமை தம்பி வருவான், குடுத்துடுவீங்களான்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே சரி சரின்னாரு. இப்ப எதுக்குன்னு கேக்குறீங்க?" அவள் குரல் உயர்ந்தது. கண் சிவந்து கிடந்தது. "நேத்து வார்டுல மருந்தை எடுத்து வெச்சிட்டு எந்தப் பெட்டுக்குன்னு மறந்து நின்னேன் அம்மா. தூக்கக் கண்ணோட யாருக்காவது ஊசியை மாத்திப் போட்டா? என் வேலை போறது இருக்கட்டும், ஒரு உசுரு போயிடும்."

அவர் நாற்காலியில் மோத்தியை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் மூவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் எதிரில் போய் நின்று, விஷயத்தைத் தமிழில் மெதுவாகச் சொன்னேன். கூடையைக் காட்டினேன். அவர் முகம் ஒரு நிமிஷத்தில் சுருங்கிப்போனது. அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சரின்னு சொன்னேன்னு சொல்லுதா?"

"ஆமா."

"அப்ப குடுத்துடு. சொன்ன சொல்லு சொன்னதுதான்."

வாய் அப்படிச் சொன்னது. கை குட்டியின் கழுத்து மயிரைப் பிடித்தபடியே இருந்தது. நாயைக் கொடுத்துவிட்டால் அவர் சொன்ன சொல் காப்பாற்றப்படும், காதும் வெளியே தெரியாது. கணக்கு சரிதான். அந்தக் கையைப் பார்த்த பிறகு எனக்கு அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. இத்தனை வருஷம் வாசலில் நின்று காவல் காத்தவள் நான். நான்தான் கதவைத் திறக்க வேண்டும். வஹினி பக்கம் திரும்பி, என் உடைந்த மராட்டியில், "த்யான்னா ஐகூ யேத் நாஹி" என்றேன். அவருக்குக் காது கேட்காது.

வஹினியின் கண் என் முகத்திலிருந்து நேராக அவர் காதுக்குப் போனது. அதை அவர் பார்த்துவிட்டார். நான் என்ன சொன்னேன் என்று அவருக்கு யாரும் சொல்லத் தேவை இருக்கவில்லை. குட்டியைக் கீழே இறக்கிவிட்டு, எழுந்து, சமையல்கட்டுக்குள் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

வஹினி அப்படியே எங்கள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "நான் அவர் என்னைக் கேலி பண்றார்னு நினைச்சேன். எத்தனை தடவை படியில நின்னு பேசியிருக்கேன், சிரிச்சிட்டே போயிடுவார். மதராஸிக்குத் திமிருன்னு வீட்டுல சொல்லியிருக்கேன்" என்றாள். அவள் தம்பிக்கு நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. "அக்கா, இந்தக் கூடையில எதையாவது ஏத்தணுமா, இல்ல சும்மாவே எடுத்துட்டுப் போகவா?" என்று கேட்டான். "நீயே ஏறிக்கோ" என்றாள் வஹினி. அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மோத்தி சமையல்கட்டுக்குப் போனது. அவர் பக்கத்தில் நின்று பார்த்தது. பிறகு முன்னங்காலைத் தூக்கி அவர் பாதத்தின்மேல் வைத்தது. அவர் திரும்பாமலே கையை நீட்டி அதைத் தடவினார். ஒரு சத்தம் இல்லை. கொஞ்ச நேரத்தில் வெளியே ஓடிவந்து, என் இடுப்பைப் பார்த்துக் குரைத்தது. என் கை தானாக டப்பாவுக்குப் போனது. வஹினி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, இது அண்ணாகிட்ட குரைக்கவே இல்ல பார்த்தீங்களா? குரைச்சா ஒண்ணும் நடக்காதுன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. உங்ககிட்ட குரைச்சா பிஸ்கட் வருது."

குட்டி எங்கள் இரண்டு பேரையும் தனித்தனியாகப் படித்து வைத்திருந்தது. அவருக்குக் கால், எனக்குக் குரல். தீபாவளி வரைக்கும் பார்க்கலாம், அதற்குள் அடங்காவிட்டால் கூடைதான் என்று சொல்லிவிட்டு வஹினி இறங்கிப் போனாள்.

அன்றிலிருந்து நானும் அவரைப் போல ஆனேன். அது குரைத்தால் எனக்குக் காது கேட்காது. முகத்தைத் திருப்பிக்கொண்டு அரிசியில் கல் பொறுக்குவேன். முதல் சில நாள் முன்னைவிட மோசமாகக் கத்தியது. கீழே துண்டு தொங்க, மேலே இது கத்த, நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்குத்தான் தெரியும். கத்திக் கத்தி ஓய்ந்து, என்ன இது என்பதுபோல் அது என்னைப் பார்க்கும். அந்த அமைதியான நேரத்தில் பிஸ்கட் கொடுப்பேன். குக்கர் வைத்தால் விசில் வருவதற்கு முன்பே பக்கத்தில் உட்காரவைத்துத் தடவிக்கொண்டிருப்பேன். கடிக்கப் பழைய கோணிச்சாக்கை முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். செருப்பெல்லாம் பரணுக்கு ஏறியது. வஹினி டியூட்டியிலிருந்து வரும் நேரத்துக்கு முன்னால் அவர் அதை ஆற்றங்கரை வரை நடத்திக்கொண்டுபோய் வருவார். வந்ததும் தண்ணீர் குடித்துவிட்டு அது தூங்கும். மேலே அது தூங்க, கீழே வஹினி தூங்குவாள். தீபாவளிக்கு வஹினி முறுக்குபோல ஒரு சக்லி செய்வாள். அந்த வருஷம் தட்டில் எங்களுக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, குட்டிக்கென்று தனியாக ஒன்று உடைத்துப் போட்டாள். கூடையைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஆனால் என் வீட்டுக்காரர் என்னோடு பேச வெகுநாள் ஆயிற்று. சாப்பிடுவார், தட்டைக் கழுவி வைப்பார், குட்டியோடு போய்விடுவார். திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். கட்டடத்தில் விஷயம் பரவியிருந்தது. நாங்கள் பயந்த அந்த வார்த்தையை யாரும் சொல்லவில்லை. அவர் எதிரில் வந்து நின்று, தோளைத் தொட்டு, நிதானமாகப் பேச ஆரம்பித்தார்கள். அப்போதும் அவர் பழைய வழக்கத்தில் ஹோ ஹோ என்றுதான் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

குளிர் தொடங்கிய ஒரு காலை. அவரும் மோத்தியும் நடை முடிந்து படியேறி வந்தார்கள். வஹினி தன் வாசலில் நின்று, துண்டைத் தாழ்ப்பாளில் போட்டுக்கொண்டே ஏதோ சொன்னாள். நான் மேலே கைப்பிடிச் சுவரில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவர் தலையாட்டிக்கொண்டே இரண்டு படி ஏறினார். நின்றார். திரும்பி இறங்கினார். "ஐகூ ஆல நாஹி, வஹினி. பரத் சாங்கா" என்றார். கேட்கவில்லை வஹினி, திரும்பச் சொல்லுங்கள். தன் சத்தத்தின் அளவு தனக்கே தெரியாததால் கட்டடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார், அதுவும் துண்டு தொங்கும் வாசலில். யாரும் அதட்டவில்லை. வஹினி இன்னும் கிட்டே வந்து, திரும்பச் சொன்னாள். மேலே வந்ததும் என்னிடம், "ராத்திரி அவ வார்டுல ரெட்டைப் புள்ள பொறந்துச்சாம்" என்றார். பல வாரத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

இப்போது அவர் இல்லை. மோத்தி நன்றாக வாழ்ந்து, கிழமாகி, அவருக்கு முன்பே போய்விட்டது. நான் ஊரின் மறுகோடியில், மகர்பட்டாவில் மகன் வீட்டில் இருக்கிறேன். உயரமான கட்டடம். யார் எந்த ஷிஃப்ட் என்று இங்கே யாருக்கும் தெரியாது, எந்தக் கதவிலும் துண்டு கிடையாது. மருமகள் நல்ல பெண். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடி அடுத்த அறையிலிருந்து என்னிடம் ஏதாவது சொல்வாள். இப்போதெல்லாம் அது எனக்குப் பாதிதான் வந்து சேருகிறது. என் தலை தானாக ஆடப் பார்க்கிறது. நேற்று அப்படித்தான் ஏதோ கேட்டாள். சரிம்மா என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவள் அறைக்குப் போய், எதிரில் நின்றேன்.

"எனக்குக் கேக்கலம்மா. இன்னொரு தடவை சொல்லு."