பங்காளி மீன்

ரோசம்மா வாயைத் திறந்தால் மூடமாட்டாள் என்பது ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்டவள் ஒரு விஷயத்தை எட்டு மாதம் வயிற்றுக்குள்ளேயே போட்டுப் பூட்டி வைத்திருந்தாள் என்றால் யார் நம்புவார்கள்?

இண்டூர்க்காரி. புருஷன் சவரிமுத்து கிணறு வெட்டப் போன இடத்தில் மண் சரிந்து செத்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது. கைக்குழந்தை ராஜமேரியை இடுப்பில் தூக்கிக்கொண்டு தர்மபுரிக்கு வந்தாள். டாக்டரம்மாவின் பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா வேலை கிடைத்தது. கொல்லைப்புறத்தில் தங்க ஓர் அறை, பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு, எல்லாம் டாக்டரம்மா தயவு. அந்தத் தயவிலேயே பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது.

எழுபத்தொன்றாம் வருஷம் டாக்டரம்மா மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி வாங்கி வந்து கூடத்தில் வைத்தார். வலியோடு உட்கார்ந்திருக்கும் பெண்கள் கொஞ்ச நேரம் மீனைப் பார்த்துக்கொண்டிருக்கட்டுமே என்று ஓர் எண்ணம். ஆனால் மீன் வாங்குவதற்குள் அந்த அம்மா படுத்திய பாடு இருக்கிறதே! மாப்பிள்ளை தேடுகிறவர்கள்கூட அவ்வளவு விசாரிக்க மாட்டார்கள். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, எது எதோடு ஒத்துப்போகும், எது எதைக் கடிக்கும் என்று இரண்டு மாதம் பார்த்தார். கடைசியில் கறுப்பு மோலி, சிவப்பு வாள்வால், கௌராமி, இரண்டு ஏஞ்சல்.

“சின்ன கப்பி மீனை ஏஞ்சலோட விடக் கூடாது ரோசம்மா. பார்க்கச் சாதுவா இருக்கும். வாயில நுழையறதை முழுங்கிடும்” என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, “இந்த ஏஞ்சலும் நம்ம ஏரியில பிடிக்கிற ஜிலேபி மீனும் ஒரே வம்சம், தெரியுமா?” என்றார்.

“அடி ஆத்தா! பங்காளிங்களாம்மா ரெண்டும்?”

டாக்டரம்மா அடுத்த வரியைப் படிப்பதற்குள் பிரசவ அறையிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். புத்தகம் மூடியது மூடியதுதான். அந்த வரியை மட்டும் அன்றைக்குப் படித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஆடி மாதம் டாக்டரம்மாவின் கணவருக்கு மெட்ராஸில் ஆபரேஷன். ஒரு மாதம் அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. மீனுக்குத் தீனி போடும் பொறுப்பு ரோசம்மாவுக்கு. ஒரு சிட்டிகை என்று சொல்லிவிட்டுத்தான் போனார். பட்டினி கிடந்து வளர்ந்தவளுக்குச் சிட்டிகையில் மனசு ஆறுமா? பாதி பன்னை உதிர்த்துப் போட்டாள். மறுநாள் தண்ணீர் கஞ்சிபோல் கலங்கி, ஓர் ஏஞ்சல் வயிற்றைக் காட்டி மிதந்தது.

பாதித் தண்ணீரை மாற்றினாள். மிச்சமிருந்த ஏஞ்சல் மூலையில் ஒண்டியாக நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குத் தன் நினைப்பு வந்துவிட்டது. துணை வேண்டுமே! வேற்று மீனை விட்டால்தானே சண்டை வரும், சொந்தத்தை விட்டால்? நேராக ஏரிக்கரைக்குப் போய், வலை போடுகிறவனிடம் நாலு விரல் நீளத்தில் ஒரு ஜிலேபியைக் கேட்டு வாங்கி வந்து தொட்டிக்குள் விட்டாள்.

பங்காளி என்றால் என்னவென்று தெரியாத ஊரா இது? வரப்புக்கு வெட்டிக்கொள்கிற பங்காளிகளுக்குக் கட்டுப்போட்ட கை அவள் கை. இருந்தும் அன்றைக்கு அவள் புத்திக்கு அது எட்டவில்லை.

இரண்டு நாள் ஜிலேபி அடங்கிக் கிடந்தது. மூன்றாம் நாள் மணலைத் தோண்டிக் குழி பறித்தது. செடிகளைப் பிடுங்கிப் போட்டது. அந்தப் பக்கம் வந்ததையெல்லாம் விரட்டியது. இரண்டு மோலி செத்தன. அவற்றைச் சாம்பல் குழியில் புதைத்தாள். நாலு நாள் கழித்து, மற்ற மீன்களின் வாலெல்லாம் கிழிந்து வெள்ளை பூத்திருப்பதைப் பார்த்துக் கம்பவுண்டர் பச்சியப்பனிடம் ஓடினாள். ஜிலேபியைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

பச்சியப்பன் பத்தொன்பது வருஷமாக அங்கே மருந்து கலக்குகிறவர். சுத்த சைவம். மீன் தொட்டிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். டாக்டரம்மா எழுதி வைத்துவிட்டுப் போன சீட்டில், வால் அழுகினால் நீல மருந்து ஐந்து சொட்டு என்று இருந்தது. ரோசம்மா பக்கத்தில் நிற்க, அவர் வாய்விட்டு எண்ணி ஐந்து சொட்டு விட்டார். ஜிலேபி கல்லுக்குப் பின்னால் இருந்தது.

அதற்கப்புறமும் மீன்கள் தினம் ஒன்றாகச் செத்தன. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜிலேபி அந்த ஏஞ்சலைக் கண்ணாடியோடு சேர்த்து முட்டுவதை ரோசம்மா கண்ணால் பார்த்தாள். வாளியில் பிடித்துக்கொண்டுபோய் ஏரியிலேயே விட்டாள். விட்டு என்ன செய்ய? அன்றிரவே அந்தக் கடைசி ஏஞ்சலும் செத்தது. மறுநாள் டாக்டரம்மா வந்து பார்த்தபோது தொட்டியில் நீலத் தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

“சீட்டுல எழுதி வச்சும் உங்களால அளந்து விட முடியலையா பச்சியப்பன்?”

“அஞ்சு சொட்டுதாம்மா விட்டேன்.”

“மீனுக்கே இந்த அளவுன்னா, நாளைக்குப் பிள்ளைத்தாச்சிக்கு என்ன ஊத்துவீங்க? இனிமே நீங்க வர வேண்டாம்.”

கதவுக்குப் பின்னால் துடைக்கிற துணியோடு நின்ற ரோசம்மா தரையைத் துடைக்கக் குனிந்துகொண்டாள். உண்மையைச் சொன்னால் அறை போகும், ராஜமேரியின் படிப்பு போகும். பச்சியப்பன் மருந்து அலமாரிச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு நடையைக் கட்டினார்.

சே, என்ன பிழைப்பு! அன்றிலிருந்து அவள் மாதா கோயிலுக்குப் போனாள், ஆனால் பூசையில் நன்மை அப்பம் வாங்கவில்லை. தவக்காலம் வந்தது. ஈஸ்டர் பாஸ்காவுக்கு முன் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் முடியாது. சாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “என்கிட்ட சொன்னா மட்டும் போதாது. அந்த மனுஷன்கிட்டப் போய்ச் சொல்லு” என்றார்.

பச்சியப்பனின் ஊரான பாப்பிரெட்டிப்பட்டிக்கு பஸ் பிடித்துப் போனாள். வீட்டு வாசலில் பச்சியப்பன் புளி உடைத்துக்கொண்டிருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். அவள் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள்.

அவர் திட்டவில்லை. “மோலி எப்ப செத்துச்சு?” என்று மட்டும் கேட்டார்.

“நீங்க மருந்து ஊத்தறதுக்கு நாலு நாள் முன்னாடிங்க ஐயா.”

“முன்னாடியா?”

“முன்னாடிதானுங்க.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு.”

“மாதா மேல சத்தியமா முன்னாடிதானுங்க.”

பச்சியப்பன் புளி ஒட்டிய வலது கையைத் தூக்கிப் பார்த்தார். “எட்டு மாசமா இந்தக் கைய நான் நம்பலே ரோசம்மா. இங்க மருந்துக் கடையில மூணு தடவ கூப்பிட்டாங்க, போகலே. அன்னிக்கு எண்ணுனது அஞ்சா பத்தான்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. பேத்திக்குக் காய்ச்சல்னாக்கூடப் பக்கத்து வூட்டுக்காரிதான் மருந்து ஊத்தறா. என் பொண்டாட்டி என்னைய ஊத்த வுடறதில்ல.”

ரோசம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். “நாளைக்கே டாக்டரம்மாகிட்ட சொல்லிடறேனுங்க. என் வேல போனாப் போவுது.”

“அது அப்புறம்.” அவர் வீட்டுக்குள் திரும்பிக் குரல் கொடுத்தார். “பாஞ்சாலி! இங்க வா, சீக்கிரம் வா!”

அவர் மனைவி ஈரக் கையோடு வெளியே வந்தாள்.

“இவகிட்டச் சொல்லு ரோசம்மா. மொதல்ல இருந்து ஒண்ணு வுடாம சொல்லு. நீ பக்கத்துலதான இருந்த? நான் அஞ்சுதான் ஊத்துனேன்னு சொல்லு.”