ஆயுதபூஜைக்கு மறுநாள் ரம்பம்

என் மகள் வயிற்றுப் பேத்தி மஞ்சுளா ரம்பம் ஓட்டினால் கொல்லிமலையே ரெண்டு பலகையாகப் பிளந்து விழும் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறேன். கொல்லிமலை கொஞ்சம் அதிகம்தான். லாரிக்குப் பக்கப் பலகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாமக்கல்லில் காளியண்ணன் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். மஞ்சுளா அங்கே மரத்தூள் கூட்டத்தான் போனாள். கூட்டிக்கொண்டே ரம்ப மேசையைப் பார்த்தாள், பிறகு தொட்டாள், ஆள் வராத நாட்களில் அறுக்கவும் செய்தாள். ரம்பக்காரர் வேலையை விட்டுப் போனதும், "மிசினை எனக்கே குடுத்துருங்க" என்று கேட்டாள்.

காளியண்ணன் மோவாயைச் சொறிந்தார். "சென்றாயன் லாரிக்குப் பக்கப் பலகை மாத்தோணும். நாளைக்கு நீயே அறு. பொழுது சாயறதுக்குள்ள முடிச்சா மிசின் உனக்கு. இல்லீனா சீமாறுதான்."

அந்த நாளைக்கு என்பது ஆயுதபூஜைக்கு மறுநாளாகப் போயிற்று. பூஜைக்காக மேசையைக் கழுவி, மரம் அறுக்கும் பல்சக்கரத்தை மூடியிருக்கும், கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, சக்கரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். சாமிக்கு முகத்தை மறைக்கக் கூடாதாம். மூடியைத் தேடினால், அது மல்லாந்து கிடந்து மிச்சப் பொரிக்குப் பாத்திரமாகியிருந்தது.

"ஏம்புள்ள, பொரி திங்கற நேரமா இது?" என்றார் சென்றாயன். அவருக்கு முட்டை லோடு காத்திருந்தது.

"பொரி உங்களுக்குங்க. மூடி எனக்கு." பொரியை அவர் துண்டில் கொட்டினாள்.

"மூடியில்லாமயே காலமெல்லாம் அறுத்தவன் நானு" என்றார் காளியண்ணன்.

"அதான் உங்க கட்டவிரலைப் பாத்தாலே தெரியுதுங்களே."

அந்த விரலின் நுனியை மேட்டூரில் முதலை கடித்ததாக அவர் சொல்லிவந்தார். நான்கூட அவ்வளவு துணிந்து புளுகியதில்லை. மனுஷன் இருமிக்கொண்டே நகர்ந்துவிட்டார்.

மஞ்சுளா பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியை மாட்டினாள். அப்போதும் ஓட்டவில்லை. மரத்தை ஒட்டித் தள்ள மேசையில் ஓர் இரும்புச் சட்டம் உண்டு, கைடு என்பார்கள். கழுவியவர்கள் அதை நகர்த்திவிட்டு, கண்ணளவில் திரும்ப வைத்திருந்தார்கள். சக்கரத்தின் முன்பல்லிலிருந்து கைடு வரைக்கும் அளந்தாள், பின்பல்லிலிருந்தும் அளந்தாள். பின்னால் நூலளவு குறுகியிருந்தது. அப்படியே அறுத்தால் மரம் இடுக்கில் நெரிபட்டு, தள்ளுகிறவர் வயிற்றுக்கே திரும்பிப் பாயும். சென்றாயன் வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட, அவள் திருகைத் தளர்த்தி, நேராக்கி, இறுக்கினாள்.

ஒருவழியாக மிசின் ஓடியது. வேடிக்கை பார்க்க சென்றாயன் பலகைக்கு நேர்பின்னால் வந்து நின்றார். உடனே நிறுத்திவிட்டாள்.

"அங்க நின்னா பலகை உங்களைத்தான் தேடி வரும். என்னாட்டம் ஓரமா வாங்க."

வந்தார், பொரியோடு. பலகையின் கடைசி ஒரு சாண் நீளத்தைக் கையால் தள்ளாமல் கட்டையால் தள்ளினாள். காபி ஆறுவதற்குள் பாதி முடிந்தது. பொழுது சாயும் முன்னே கடைசிப் பலகையும் விழுந்தது. காளியண்ணன் சீமாறைத் தானே எடுத்து மரத்தூளைக் கூட்டினார்.

"அம்மாயி, பொழுதோட முடிக்கலீங்க," என்கிறாள், பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருக்கும் மஞ்சுளா. "லைட்டைப் போட்டுத்தான் கடைசிப் பலகையை அறுத்தேன். மொதலாளி மணியவே பாக்கல. ஓரமா நின்னு, மூடி வழியா பலகையத்தான் பாத்துட்டிருந்தாரு. சீமாறு எடுத்தது மட்டும் நெசம்."