லின் காட்டிய கோடிட்ட இடங்கள்

அமெரிக்காவில் எடிசன் என்ற ஊரில் ஒரு ஓட்டலில் நானும் லின்னும் பாத்திரம் கழுவுகிறோம். சீனாவில் ஹைஸ்கூலில் சேருவதற்கான பரீட்சைக்குப் படித்த அவள் மகள், இங்கிலீஷ் பயிற்சிகளை போனில் அனுப்புவாள். கதையில் கோடிட்ட இடத்துக்கு நாலு வார்த்தையில் ஒன்றை எடுக்கணும். அம்மா அமெரிக்காவில் இருப்பதால் தெரியும் என்று மகள் நம்பினாள். இந்தியாக்காரிக்குத் தெரியும் என்று லின் நம்பினாள்.

நான் அஞ்சாவதோடு நின்றவள். அதைச் சொல்ல வெட்கம். சாப்பாட்டு நேரத்தில் அவள் எதில் விரல் வைத்து "ஓகே, சிஸ்டர்?" என்றாலும், "ஓகே, ஓகே" என்றேன்.

மகளுக்கு இங்கிலீஷில் மார்க் போய், கேட்ட ஸ்கூல் கிடைக்கவில்லை. மறுநாள் லின் ஆரஞ்சு உரித்து என் கையில் வைத்தாள்.

"யூ ஹெல்ப் மச். தேங்க்யூ."

"எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது" என்று தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். லின் எழுந்துபோய்க் குழாயைத் திறந்தாள்.

அந்தப் பிள்ளையை நான் பார்த்ததுகூட இல்லை.